அழைப்பும் தயக்கமும்

கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றிப் பேசுவோர் 'இறைவனின் அழைப்பு' என்னும் சொற்றொடரை அடிக்கடி வழங்குவர். அதனைக் கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக எண்ணிக்கொள்கின்றனர். அழைப்பு என்பது குருமாருக்கும் கன்னியருக்கும் மட்டுமே உரியது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சிலர் ஒதுங்கிவிடுகின்றனர். உண்மையாக அழைக்கப்பட்டவர் உள்ளத்தில் தயக்கமே எழாது, நமக்கோ எழுகிறது, ஆகவே நாம் அழைக்கப்பட்டவர் அல்லர் என்று வேறு சிலர் முடிவு செய்துவிடுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் பொருந்தாதவை.

முதல் எண்ணத்திற்கு விடை பழையது. 16ஆம் நூற்றாண்டிலேயே மார்ட்டின் லூதர், செருப்புத் தைப்பவனும் வீட்டைப் பேணும் தாயும் தத்தம் தொழிலிலேயே கடவுளின் அழைப்பைப் பெற்றிருக்கின்றனர் என்று எடுத்துரைத்தார். அழைப்பு என்பது ஒரு பதவி அன்று. அயலானுக்கு இன்ன நன்மையை நீ செய்யவேண்டும் என்று இறைவன் ஒருவன் உள்ளத்தில் வைக்கும் கட்டளையே அழைப்பு. அது திருச்சபையிலும் கேட்கலாம். மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் கழனியிலும் கேட்கலாம்.

இரண்டாவது எண்ணமே இளைஞரை மிகுதியாக வாட்டுவது. தயக்கம் எழுந்தால் அழைப்பு இல்லை என்பது உண்மையா? வேதாகமத்தைத் திறந்து பார்த்தால் இதற்கு நேர்மாறான காட்சியே தென்படுகிறது. அதில் வரும் பெரியோர் பலர் தயங்கியவர்கள். அவர்களுடைய தயக்கத்தை அந்நூல் மறைக்கவுமில்லை, மெழுகவுமில்லை. தயக்கம் இருந்ததா என்பதைவிட, அதைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே அங்குப் பெரிதாகப் பேசப்படுகிறது.

தயக்கம் எல்லாம் ஒரே வகையானதன்று. வைத்தியர் நோயின் பெயரை அறிந்த பின்னரே மருந்து கொடுப்பார். நாமும் தயக்கத்தை வகைப்படுத்திக்கொள்வது நல்லது. 'என்னால் இயலாது' என்பது ஒரு வகை. 'எனக்கு விருப்பமில்லை' என்பது மற்றொரு வகை. 'இப்பொழுது வேண்டாம், பிறகு பார்ப்போம்' என்பது மூன்றாவது வகை. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

'என்னால் இயலாது' என்றவருள் தலையாயவர் மோசே. எகிப்தில் அடிமைகளாய் வாடிய இஸ்ரவேல் மக்களை மீட்டுவர இறைவன் அவரை அழைத்தபோது, அவர் மீதியான் நாட்டில் மாமனாருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். பார்வோன் முன் நின்றபோது அவருக்கு வயது 80 என்று வேதாகமம் கூறுகிறது. இத்துணை முதிர்ந்தவர் அழைப்பைக் கேட்டதும் ஐந்து முறை மறுமொழி கூறுகிறார். அப் பணிக்கு நான் யார் என்கிறார். உம் பெயரைக் கேட்டால் என்ன சொல்வேன் என்கிறார். மக்கள் என்னை நம்பமாட்டார்கள் என்கிறார். நான் திக்குவாயன் என்கிறார். இறுதியில், வேறு யாரையாவது அனுப்பும் என்றே சொல்லிவிடுகிறார்.

முதல் நான்கும் ஐயங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் இறைவன் பொறுமையாக விடையளிக்கிறார். ஐந்தாவது ஐயமன்று, மறுப்பு. அங்கேதான் அவர் சினம் கொள்கிறார். கேள்வி கேட்பதற்கும் கேள்விகளின் பின்னே ஒளிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை இப் பகுதி நன்கு காட்டுகிறது. சினம் கொண்ட நிலையிலும் இறைவன் அவரைக் கைவிடவில்லை. பேச்சில் வல்ல ஆரோனைத் துணையாகக் கொடுக்கிறார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலாகக் கற்பித்த விதிகளுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவனை அழைத்துச் செல்லவேண்டும் என்பது. மோசேயின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இவ்விதி எனக்கு நினைவுக்கு வரும். மக்கள் நம்பமாட்டார்கள் என்று அவர் தயங்கியபோது, இறைவன் புதிய கருவி எதையும் வானத்திலிருந்து இறக்கவில்லை. உன் கையில் இருப்பது என்ன என்று வினவுகிறார். மோசேயின் கையில் இருந்தது ஆடு மேய்க்கும் கோல். நாள்தோறும் பிடித்துப் பழகிய அந்தக் கோலிலிருந்தே பாடம் தொடங்குகிறது. இயலாமை என்னும் தயக்கத்திற்கு மருந்து இதுவே. இல்லாதவற்றை எண்ணிக்கொண்டிருத்தலை நிறுத்தி, கையில் உள்ளதைக் கூர்ந்து பார்க்கவேண்டும்.

இது பழங்கதைக்கு மட்டுமே பொருந்தும் என்று எண்ணவேண்டா. நம் காலத்துக்கு அண்மையில் வேலூரில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். கேரளத்தில் பிறந்து வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர், 1954ஆம் ஆண்டில் ஒரு கார் விபத்தில் சிக்கினார். முதுகுத் தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் அற்றுப்போயின. நடக்கவோ நிற்கவோ இயலாத ஒருவர் இனி எவ்வாறு மருத்துவப் பணி செய்வது? 'என்னால் இயலாது' என்று சொல்ல இவரைவிட நியாயம் உடையவர் யார்?

அங்குப் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து சீர்ப்படுத்துவதில் பெயர் பெற்றவர். கைக்குச் செய்யும் அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்பதை அவர் மேரிக்கு எடுத்துக்காட்டினார். கால்கள் போயின, கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றுக்கொண்டார். பின்னர் வெளிநாடு சென்று, உறுப்புக் குறையுற்றோர்க்கு மறுவாழ்வளிக்கும் மருத்துவத்தைப் பயின்று வந்து, வேலூரில் அத் துறையின் தலைவராய் அமர்ந்தார். 1972ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. நடக்க இயலாத ஒருவரே, நடக்க இயலாதார் பலருக்கு வழிகாட்டியானார். எந்தக் குறை அழைப்புக்குத் தடை என்று தோன்றியதோ, அக் குறையே நோயாளரின் நம்பிக்கைக்கு அவரை உரியவராக்கியது.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். 'எனக்கு விருப்பமில்லை' என்பது 'என்னால் இயலாது' என்பதைவிடக் கடினமான நோய். திறமை இருக்கிறது; மனம் இல்லை. யோனா தீர்க்கதரிசியின் நிலை இதுவே. கிழக்கே நினிவே நகருக்குச் செல் என்று கட்டளை பிறந்தது. அவரோ யோப்பாத் துறைமுகத்துக்குச் சென்று, மேற்கே தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் கட்டணம் கொடுத்து ஏறினார். அவர் அஞ்சி ஓடினார் என்று பலர் எண்ணுவர். ஆனால் உண்மைக் காரணத்தை நான்காம் அதிகாரத்தில் அவரே கூறுகிறார். நினிவே தம் இனத்தாரின் பகைவர் நகரம். தாம் போய் எச்சரித்தால் அவர்கள் மனம் திரும்பிவிடுவார்கள். இறைவனும் இரங்கி மன்னித்துவிடுவார். அந்த இரக்கமே அவருக்குப் பிடிக்கவில்லை. கடலும் புயலும் மீன் வயிறும் அவர் கால்களைத் திருப்பின, மனத்தைத் திருப்பவில்லை. நினிவே பிழைத்தது, யோனா வெயிலில் உட்கார்ந்து கோபித்துக்கொண்டிருந்தார். அந்நூல் இறைவன் அவரைக் கேட்கும் ஒரு கேள்வியோடு முடிகிறது; யோனாவின் விடை நமக்குச் சொல்லப்படவில்லை.

விருப்பமின்மையை வெல்ல வற்புறுத்தல் போதாது என்பதற்கு யோனா சான்று. அப்படியானால் அதனை எது வெல்லும்? இதற்கும் வேலூர் வரலாறே விடை சொல்கிறது.

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பின்னர்ச் சென்னை மாகாணத்தில் மருத்துவ ஊழியம் செய்தவர். தந்தையாரும் மருத்துவ ஊழியரே. தந்தையாரின் உடன்பிறந்தார் பலரும் அவ்வழியே நின்றனர். இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண்ணும் ஊழியத்துக்கே வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது இயல்பு. ஐடாவோ அந்த எதிர்பார்ப்பையே வெறுத்தார். 1876ஆம் ஆண்டு தொடங்கிய கொடிய பஞ்சத்தைக் குழந்தைப் பருவத்தில் கண்டவர் அவர். வெப்பமும் வறுமையும் பிணியும் நிறைந்த இந்நாட்டுக்குத் திரும்புவதில்லை என்றும், அமெரிக்காவில் இனிய வாழ்க்கை வாழ்வது என்றும் உறுதி கொண்டிருந்தார். தாயார் நோயுற்றதால், அவருக்கு உதவச் சில காலம் மட்டும் தங்கிச் செல்வதாக எண்ணி, 1890ஆம் ஆண்டில் திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அங்கே ஓர் இரவு மூவர் தனித்தனியே அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறோர் இந்துக் குலத்தைச் சேர்ந்தவர். ஒருவரையொருவர் அறியாத அம்மூவரும் கொண்டுவந்த துயரம் ஒன்றே. வீட்டில் இளம் மனைவி பிள்ளை பெற இயலாமல் உயிருக்குப் போராடுகிறாள். அம்மையார் வந்து காப்பாற்ற வேண்டும். என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்று ஐடா மன்றாடினார். அந்நிய ஆடவர் ஒருவர் எங்கள் பெண்களைத் தொட்டு வைத்தியம் செய்வதற்கு வழக்கம் இடம் கொடாது என்று அவர்கள் மறுத்துத் திரும்பிவிட்டனர். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. அவர் அவ்விரவு உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அவர் அறைக்குள் சென்று நெடுநேரம் இறைவனோடு போராடினார். பிறகு வெளியே வந்து, அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து இந்நாட்டுப் பெண்களுக்குப் பணிபுரியத் திரும்பி வருவேன் என்று பெற்றோரிடம் தெரிவித்தார்.

மாணவ நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குடும்பத்தின் பெருமை அவரை அசைக்கவில்லை. உறவினரின் எதிர்பார்ப்பு அவரை மேலும் விலகவே செய்தது. அவரை அசைத்தது, வாசலில் வந்து நின்ற மனிதர்களின் தேவை. நினிவேயை யோனா ஒரு பெயராகவே கண்டார். அதனால் அவர் மனம் உருகவில்லை. ஐடா அம்மூவரின் முகங்களைக் கண்டார். விருப்பமின்மையை வெல்லும் ஆற்றல் அன்புக்கே உண்டு. அன்பு பிறப்பதற்கு மனிதரை அருகே சென்று காணவேண்டும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். அவருடைய கீழ்ப்படிதல் அந்த மூன்று உயிர்களையும் திரும்பக் கொடுக்கவில்லை. அழைப்பை ஏற்ற மறுநாளே அவர் மருத்துவராகிவிடவும் இல்லை. கடல் கடந்து சென்று, பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று, 1899ஆம் ஆண்டில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பினருள் அவரும் ஒருவர். ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் நன்கொடையுடன் 1900ஆம் ஆண்டில் வேலூர் வந்தார். வந்தவுடன் பெரிய மருத்துவமனை காத்திருக்கவில்லை. தந்தையார் இல்லத்தில் ஒரு சிற்றறையில், ஒரே படுக்கையோடு பணி தொடங்கியது. 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. பின்னர்க் குடியாத்தம் சாலையில் மரநிழல்தோறும் வண்டியை நிறுத்திக் கிராமத்தாருக்கு மருந்தளித்தார். 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1947ஆம் ஆண்டில் அக் கல்லூரியில் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அவர் 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், 89ஆம் வயதில், கோடைக்கானலில் காலமானார். டாக்டர் மேரி வர்கீஸ் பயின்றதும், பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்ததும், விருப்பமில்லாமல் வந்த அந்தப் பெண்மணி தோற்றுவித்த நிறுவனத்திலேதான்.

இனி மூன்றாவது வகை. 'பிறகு பார்ப்போம்' என்பது மற்ற இரண்டையும்விட மென்மையாக ஒலிப்பது. ஆயினும் மிகுதியான அழைப்புகளை விழுங்குவது அதுவே. இயேசு பெருமான் அழைத்தபோது, தந்தையை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்றார் ஒருவர். வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்றார் மற்றொருவர். இருவரும் மறுக்கவில்லை, நாள் கடத்தினர். லூக்கா எழுதிய நற்செய்தியில் அவர்கள் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை.

காத்திருத்தல் எல்லாம் நாள் கடத்துதலா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஐடா ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஆனால் அவ்வாண்டுகள் உடற்கூற்றியலும் நோய்க்குறியியலும் பயின்ற ஆண்டுகள். ஆயத்தம் செய்துகொண்டு காத்திருப்பவன் கீழ்ப்படிந்துகொண்டே இருக்கிறான். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பவன் மறுத்துக்கொண்டே இருக்கிறான். உங்களைப் போன்ற மாணவர்க்கு இது மிகவும் உரிய பாடம். பின்னொரு நாள் ஏழைகளுக்கு உழைப்பேன் என்று சொல்லும் மாணவன், இன்று தன் வகுப்புப் பாடத்தை அரைகுறையாகப் படிப்பானாயின், அவன் சொல்லுக்கு மதிப்பில்லை. மருத்துவ அறிவில்லாத நல்லெண்ணம் அன்று இரவு திண்டிவனத்தில் ஒருவரையும் காப்பாற்றவில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

தயக்கத்தின் வகைகளைக் கண்டோம். அதனை வெல்லும் வழியைச் சுருக்கிச் சொல்லவேண்டுமாயின், மூன்று படிகளாகச் சொல்லலாம்.

முதற்படி, தயக்கத்தை இறைவனிடம் மறைக்காமல் சொல்லுதல். கெத்செமனே தோட்டத்தில் இயேசு பெருமானே, கூடுமானால் இத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று வேண்டினார். அதன் பின்னரே, தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே நிறைவேறட்டும் என்று ஒப்புக்கொடுத்தார். அவர் முதல் வேண்டுதலை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்லவில்லை. தயங்குவது பாவம் என்று எண்ணி வாயை மூடிக்கொள்பவனுடைய தயக்கம், உள்ளே இருந்து புளித்துப்போகும். வாய்விட்டுச் சொன்ன தயக்கத்துக்கே விடை கிடைக்கும்.

இரண்டாவது படி, அழைப்பைச் சோதித்து அறிதல். எல்லாக் குரலும் இறைவன் குரல் அன்று. பிள்ளை பிறக்குமுன்பே ஊழியத்துக்கென்று நேர்ந்துகொண்டு, பின்னர் அவன் மனத்தையும் தகுதியையும் பாராமல் இறையியல் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். சேவைக்கென்று புறப்பட்ட மகளை, சம்பளம் குறைவு என்று தடுத்து நிறுத்திய பெற்றோரையும் கண்டிருக்கிறேன். இரண்டிலும் பிறர் விருப்பமே அழைப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உண்மையான அழைப்பை அறிய நான் மாணவர்களுக்குச் சில கேள்விகளைச் சொல்வதுண்டு. இதனால் பயன்பெறப்போவது யார்? நீயா, பிறரா? இது வேதம் போதிக்கும் அன்புக்கு இசைந்ததா? உன்னை நன்கு அறிந்த, உன்னிடம் ஆதாயம் எதிர்பாராத பெரியவர் ஒருவர் இதனை ஏற்கிறாரா? உணர்ச்சி தணிந்த பிறகும், பல நாள் கழித்தும், இது உன்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறதா? இக் கேள்விகளுக்கு நேர்மையாக விடை காண்பவன் பெரும்பாலும் வழி தவறமாட்டான். இவற்றுக்குப் பின்னும் தயக்கம் எஞ்சியிருந்தால், அதற்காக அஞ்சவேண்டுவதில்லை.

மூன்றாவது படி, சிறிய செயல் ஒன்றை உடனே செய்தல். தயக்கம் முழுவதும் நீங்கிய பிறகு புறப்படுவோம் என்று காத்திருப்பவன், ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு கடப்போம் என்று கரையில் உட்கார்ந்திருப்பவனைப் போன்றவன். மோசே கோலை எடுத்துக்கொண்டு எகிப்தை நோக்கி நடந்தார். அவருடைய ஐயங்கள் எல்லாம் அன்றே தீர்ந்துவிட்டதாக வேதாகமம் கூறவில்லை. ஒரு கடிதம் எழுதுவது, ஒரு விண்ணப்பம் அனுப்புவது, ஒரு நோயாளியைச் சென்று காண்பது, எழுத்தறியாத அண்டை வீட்டுச் சிறுவனுக்கு மாலைதோறும் பாடம் சொல்லிக்கொடுப்பது ஆகிய சிறு செயல்களில் கால் வைத்தால், அடுத்த அடிக்கு வேண்டிய துணிவு அங்கே கிடைக்கும். நீந்தக் கற்பவன் தண்ணீரில்தான் கற்கிறான்.

இயேசு பெருமான் கூறிய உவமை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஒரு தந்தைக்கு மக்கள் இருவர். திராட்சைத் தோட்டத்தில் போய் வேலை செய் என்று தந்தை மூத்தவனிடம் சொன்னார். மாட்டேன் என்றான், பிறகு மனம் மாறிப் போனான். இளையவனிடமும் அவ்வாறே சொன்னார். போகிறேன் ஐயா என்றான், போகவில்லை. தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் யார் என்பதே இயேசுவின் கேள்வி. ஆசிரியர்க்கு இவ்விருவரும் புதியவர் அல்லர். வகுப்பறையில் முதல் வரிசையில் அமர்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டும் மாணவனையும், முணுமுணுத்துக்கொண்டே எழுந்து சென்று சொன்ன வேலையைத் திருத்தமாக முடித்துவரும் மாணவனையும் ஒவ்வோர் ஆண்டும் நான் கண்டிருக்கிறேன். ஆண்டு முடிவில் யாரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று எண்ணும்போது, முணுமுணுத்தவன் முகமே நினைவுக்கு வரும்.

'மாட்டேன்' என்று சொன்ன வாயை இறைவன் மன்னிக்கிறார். பின்னர் எழுந்து நடந்த கால்களை அவர் கணக்கில் வைக்கிறார். ஆகவே இளைஞர்களே, உங்கள் உள்ளத்தில் தயக்கம் இருப்பதைக் கண்டு நாம் தகுதியற்றவர் என்று ஒதுங்கவேண்டா. உங்கள் தயக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். அதனை இறைவனிடம் சொல்லுங்கள். உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். அது புத்தகமாயின் நன்றாகப் படியுங்கள். இன்றைக்கு உரிய வேலையைச் செய்துவைப்பவனுக்கே, நாளை கதவு தட்டப்படும்போது எழுந்து திறக்கும் தகுதி இருக்கும்.